ஸ்கார்பரோலேர்ந்து ஹாலிஃபாக்ஸ் வரைக்கும்: கனடா பயணக் குறிப்பு

திங்கள், ஸ்கார்பரோ

டொராண்டோல இறங்கினதுலேர்ந்து கவனிக்கிறேன், யார்கிட்ட வாயக் கொடுத்தாலும் கொஞ்ச நேரத்துல பேச்சு இமிக்ரேஷன்ல வந்து நிக்குது. டாக்ஸி ஓட்டிட்டு வந்தவரு பஞ்சாபி, இருபது வருஷத்துக்கு மேல இங்க இருக்காரு, ஹைவேல ஏறும்போதே ஆரம்பிச்சுட்டாரு, ரொம்ப பேரை ரொம்ப வேகமா உள்ள விட்டுட்டாங்க, என் பையனுக்கு சம்மர் வேலைகூட கிடைக்கலன்னு. இந்த டொராண்டோ ஏரியால 2021 சென்சஸ்படி கிட்டத்தட்ட பாதி பேர் வெளிநாட்ல பிறந்தவங்க, அதனால இங்க இந்தப் பேச்சை நடத்துறதும் பெரும்பாலும் வந்தவங்கதான், நாம ஊர்ல நியூஸ் பார்த்துட்டு நினைக்கிற மாதிரி வெள்ளைக்காரங்க ஒரு பக்கம் மத்தவங்க ஒரு பக்கம்னு இல்லவே இல்ல.

நான் தங்கியிருக்கறது மார்க்கம் ரோடு பக்கத்துல, நண்பனோட சொந்தக்காரங்க வீட்டு மாடி ரூம். வீட்டுக்கார அக்கா யாழ்ப்பாணம், 1987ல வந்தவங்க. ராத்திரி புட்டும் கத்திரிக்காய்க் குழம்பும் போட்டுக்கிட்டே கதை சொன்னாங்க. "நாங்கள் வரேக்க ஒரு பேஸ்மென்டில எட்டுப் பேர் இருந்தனாங்கள் தம்பி. பகல் வேலைக்காரர் எழும்ப இரவு வேலைக்காரர் வந்து படுப்பினம், கட்டில் சூடு ஆறாது." அப்படி இருந்தவங்கதான் இப்போ "கொஞ்ச காலத்துக்கு மூடினாத்தான் சரி"ன்றாங்க. எனக்குக் கொஞ்சம் அதிர்ச்சிதான், ஆனா அவங்க காரணம் சொல்லும்போது மறுக்க முடியல. குடும்ப டாக்டர் ரிடையர் ஆயிட்டாரு, வேற டாக்டர் யாரும் புதுசா ஆள் சேர்க்கல, அறுபது தாண்டின மனுஷி சுகர் மாத்திரைக்கு வாக்-இன் கிளினிக்ல காலைல ஆறரை மணிக்குப் போய் வரிசைல நிக்கறாங்க. 2023ல வெளிவந்த ஒரு சர்வேல நாடு முழுக்க 65 லட்சம் பேருக்குக் குடும்ப டாக்டர் இல்லன்னு வந்தது, அதுல இவங்களும் ஒருத்தர்.

ஆனா ஒண்ணு கேட்டேன் அவங்ககிட்ட. நீங்க வந்த காலத்துல உங்களப் பத்தி என்ன பேசினாங்க? கொஞ்ச நேரம் பேசல. 1986 ஆகஸ்ட்ல நியூஃபவுண்ட்லேண்ட் கடல்ல ரெண்டு லைஃப்போட்ல 155 தமிழர்கள் மிதந்துட்டிருந்தாங்க, மீன்பிடிப் படகுக்காரர் கஸ் டால்டன்தான் அவங்களை முதல்ல காப்பாத்தினவரு. அவங்க நேரா இலங்கைலேர்ந்து வரல, ஜெர்மனிலேர்ந்து வந்தவங்கன்னு தெரிஞ்சதும் இங்க பெரிய சத்தம் கிளம்புச்சு, திருப்பி அனுப்புன்னு. அப்போ பிரதமரா இருந்த பிரையன் மல்ரோனி அனுப்பல. அதுக்குப் பிறகு 2010ல சன் சீ கப்பல்ல 492 தமிழர்கள் வந்தப்போ ஆட்சி வேற, மனசும் வேற, மாசக்கணக்குல உள்ள வச்சாங்க. அக்கா சொன்னாங்க, "அது யுத்தம் தம்பி. இது வேற." வேறதான். ஒத்துக்கறேன். ஆனா 155 பேரையே அதிகம்னு சொன்ன ஊர்ல "அதிகம்"ங்கிறதை எதை வச்சு அளக்கிறதுன்னு யோசிச்சுக்கிட்டே படுத்தேன்.

புதன், பிராம்ப்டன்

இன்னிக்குத்தான் விஷயம் எனக்கு நல்லா விளங்கிச்சு, அதனால கொஞ்சம் நீளமா எழுதப் போறேன்.

அத்தை பையன் இங்க இருக்கான், சாஃப்ட்வேர். அவன் தெருவுல நடந்தா வீட்டுக்கு நாலு கார் அஞ்சு கார் நிக்குது, வீட்டுக்குப் பக்கவாட்டுல பேஸ்மென்டுக்குத் தனி வாசல். மளிகைக்கடைக் கண்ணாடில ஒட்டியிருக்கற நோட்டீஸ் முக்காவாசி பெட் ஸ்பேஸ், ரூம் இல்ல, பெட். ஏழு லட்சம் பேருக்கு மேல இருக்கற ஊர்ல முழு வசதியோட ஒரே ஒரு பெரிய ஆஸ்பத்திரிதான்னு பல வருஷமா கத்திட்டிருக்காங்க, 2020 ஜனவரிலயே சிட்டி கவுன்சில் இதை ஹெல்த்கேர் எமர்ஜென்சின்னு தீர்மானம் போட்டது. கோவிட்டுக்கு முன்னாடி! ஸ்டூடண்ட் கூட்டம் உச்சத்துக்குப் போறதுக்கு ரொம்ப முன்னாடி. இதை மறந்துட்டு எல்லாத்தையும் பசங்க தலைல கட்டறாங்க.

அவனுக்குத் தெரிஞ்ச நாமக்கல் பையன் ஒருத்தன் இருக்கற பேஸ்மென்டுக்குப் போனோம். ஆறு பேர். ஜன்னல்னு ஒண்ணு இருக்கு, தரையோட தரையா, வெளிய புல்லு தெரியும் அவ்வளவுதான். ஃபிரிட்ஜைத் திறந்தா ஒவ்வொரு பால் பாக்கெட் மேலயும் மாஸ்கிங் டேப் ஒட்டி பேர் எழுதியிருக்கு, முட்டை அட்டைலகூட ரெண்டு முட்டைக்கு ஒரு கோடு போட்டு இனிஷியல். படிச்சது ரெண்டு வருஷ பிசினஸ் டிப்ளமா, அப்பா தோட்டத்தை அடமானம் வச்சு எஜுகேஷன் லோன், இப்போ வேர்ஹவுஸ்ல நைட் ஷிஃப்ட்ல பெட்டி தூக்கறான். ஒர்க் பெர்மிட் அக்டோபரோட முடியுது. பிஆர், அதாவது நிரந்தரமா தங்கற உரிமை கிடைக்க பாயிண்ட் 500க்கு மேல வேணும், இவனுக்கு 450கூட வரல. "அண்ணா, ஏஜென்ட் சொன்னதை விடுங்க, இந்த நாடே வா வான்னுதானே சொல்லுச்சு"ன்னான். எனக்குப் பதில் இல்ல, ஏன்னா அவன் சொல்றது உண்மை.

எப்படி சொல்லுச்சுன்னு பார்ப்போம். ஒன்டாரியோ மாகாண அரசாங்கம் 2019ல உள்ளூர் ஸ்டூடண்ட்ஸ் ஃபீஸை 10% குறைச்சு அப்படியே ஃப்ரீஸ் பண்ணிச்சு. கேக்க நல்லாருக்கு. ஆனா காலேஜுக்குக் கொடுக்கற காசை அதுக்கு ஏத்த மாதிரி கூட்டல. அப்போ காலேஜ் எப்படி ஓடும்? வெளிநாட்டுப் பசங்க நாலஞ்சு மடங்கு ஃபீஸ் கட்டுவாங்க, அவங்களைக் கூப்பிடு. 2020-21லயே ஒன்டாரியோ பப்ளிக் காலேஜ்களுக்கு வந்த டியூஷன் காசுல 68% வெளிநாட்டு மாணவர்கள் கட்டினதுன்னு ஆடிட்டர் ஜெனரல் ரிப்போர்ட்ல இருக்கு, அதுலயும் பெரும்பாலானவங்க இந்தியாலேர்ந்து. அதாவது இந்த ஊர்ப் பிள்ளைங்க கம்மி ஃபீஸ்ல படிச்சதுக்கு நாமக்கல்லயும் ஜலந்தர்லயும் அடமானம் வச்ச நிலம்தான் காசு கொடுத்தது. ஒருத்தன் இங்க வாழ எவ்வளவு பணம் கைல காட்டணும்ங்கிற ரூல், வருஷக்கணக்கா 10,000 டாலர்லயே நின்னுச்சு, வாடகை எங்கயோ போயிடுச்சு, 2024 ஜனவரிலதான் 20,635 ஆக்கினாங்க. நடுவுல 2022 நவம்பர்லேர்ந்து 2024 ஏப்ரல் வரைக்கும் ஸ்டூடண்ட்ஸ் எவ்வளவு மணி நேரம் வேணா வேலை செய்யலாம்னு தளர்த்தினாங்க, கடைகளுக்கு ஆள் பத்தல, அதுக்காக. குறைஞ்ச சம்பள வேலைக்கு ஒரு கம்பெனி வெளிநாட்டு ஆளை 10% வரைக்கும்தான் வைக்கலாம்னு இருந்ததை 2022ல 20% ஆக்கினாங்க. காலேஜுக்கு ஃபீஸ், கடைக்குக் கூலி, வீட்டுக்காரனுக்கு வாடகை, மாகாணத்துக்கு மிச்சம். எல்லாக் கையும் நீண்டுச்சு. ஸ்கூல் கட்டவும் ஆஸ்பத்திரி கட்டவும் மட்டும் ஒரு கையும் நீளல.

இப்போ எண்ணிக்கையைப் பாருங்க. 2023ல ஒரே வருஷத்துல கனடா ஜனத்தொகை 12.7 லட்சம் கூடுச்சு, 3.2%, 1957க்குப் பிறகு இவ்வளவு வேகம் இல்ல, அதுல 98% வெளியேர்ந்து வந்தவங்க. அந்த வருஷம் கட்ட ஆரம்பிச்ச வீடு எவ்வளவு? ஏறக்குறைய 2.4 லட்சம். ஏற்கனவே 2030க்குள்ள கூடுதலா 35 லட்சம் வீடு வேணும்னு அரசாங்கத்தோட ஹவுசிங் கார்ப்பரேஷனே 2022ல சொல்லியிருந்துச்சு. ரெண்டு கணக்கையும் ஒரே மேசைல வச்சுப் பார்க்க தலைநகர் ஒட்டாவால ஒரு ஆள் இல்லையா? கல்யாணத்துக்கு ஆயிரம் பேருக்குப் பத்திரிகை வச்சுட்டு இருநூறு பேருக்கு உலை வச்சவன், பந்தில வந்து உக்காந்தவனைப் பார்த்து நீ ஏன்டா வந்தன்னு கேக்கற மாதிரி இருக்கு எனக்கு.

அத்தை பையன் இதை ஒத்துக்கல. சாப்பிடும்போது பெரிய வாக்குவாதம். "எல்லாம் சரி, ஆனா காலேஜுக்கே போகாம வேலைக்கு மட்டும் வந்தவனும் இருக்கான், காசு கொடுத்து ஜாப் லெட்டர் வாங்கினவனும் இருக்கான், அவனால ஒழுங்கா வந்த எனக்கும் கெட்ட பேரு"ன்றான். இருக்காங்கதான், பல்லாயிரம் டாலர் கொடுத்து வேலைக் கடுதாசி வாங்கற வியாபாரம் ஊரறிஞ்சது, அரசாங்கமும் அதுக்காகவே 2025 மார்ச்ல பிஆர் கணக்குல ஜாப் ஆஃபருக்குக் கொடுத்த பாயிண்டை எடுத்துச்சு. ஆனா வாங்கினவன் முகம் எல்லாருக்கும் தெரியுது, வித்தவன் முகம் தெரியல. அதைத்தான் நான் சொன்னேன், அவன் எழுந்து கை கழுவப் போயிட்டான்.

வெள்ளி, டொராண்டோ டவுன்டவுன்

மழை. சுத்தினது கம்மி. பீட்டர் ஸ்ட்ரீட் பக்கம் நடந்தேன், 2023 ஜூலைல ஆப்பிரிக்காலேர்ந்து அகதியா வந்தவங்க ஷெல்டர்ல இடமில்லாம இந்தத் தெரு நடைபாதைல படுத்திருந்தாங்க, ஃபெடரல் அரசாங்கமும் சிட்டியும் காசு யார் கொடுக்கறதுன்னு மாத்தி மாத்திக் கை காட்டிட்டிருந்தப்போ கறுப்பின மக்களோட சர்ச்சுகள்தான் பஸ் வச்சு அவங்களைக் கூட்டிட்டுப் போய் சர்ச் தரைல படுக்க வச்சது. இப்போ அங்க ஒண்ணும் தெரியல, ஆபீஸ் விட்ட கூட்டம் குடையோட ஓடிட்டிருந்துச்சு.

என்விரானிக்ஸ்னு ஒரு ஆராய்ச்சி நிறுவனம் வருஷா வருஷம் இந்த இமிக்ரேஷன் கேள்வியைக் கேக்குது. வர்றவங்க ரொம்ப அதிகம்னு சொன்னவங்க 2022ல 27%, 2023ல 44%, 2024ல 58%. ரெண்டே வருஷத்துல ஒரு நாட்டோட மனசு இப்படிப் புரளுது. ரெண்டு வருஷத்துல திடீர்னு எல்லாரும் வெறுப்பு பிடிச்சவங்களா ஆயிட்டாங்கன்னு நான் நம்பல. வாடகை ரசீதைப் பார்த்து மாறின மனசு நிறைய. ஆனா அந்த மனசுக்குள்ள வெறுப்பு குடி வர்றதுக்கும் வழி கிடைச்சுடுது, டர்பன் கட்டின பசங்களை பஸ்ல திட்டினதா நாமக்கல் பையன் அன்னிக்குச் சொன்னான், அதுதான்.

ஞாயிறு, மான்ட்ரியால்

ரயில்ல அஞ்சு மணி நேரத்துக்கு மேல. இறங்கினதும் பேச்சே மாறிடுது, இங்க முதல் கவலை வீடு இல்ல, மொழி. வட அமெரிக்கா முழுக்க இங்கிலீஷ் கடல், நடுவுல பிரெஞ்சு பேசற ஒரு மாகாணம், இந்த கியூபெக். 1977ல சட்டம் 101 போட்டு, கடை போர்டுலேர்ந்து வந்தவங்க பிள்ளைங்க படிக்கற ஸ்கூல் வரைக்கும் பிரெஞ்சுன்னு ஆக்கினாங்க. இதைக் கேட்டா நம்ம ஊர்க்காரனுக்கு விளக்கவே வேணாம், மொழியைப் பத்தின பயம் என்னன்னு நமக்குத் தெரியும். வேகமா வந்தா வந்தவங்க நம்ம மொழிக்குள்ள வர்றதுக்கு முன்னாடி இங்கிலீஷுக்குப் போயிடுவாங்கன்ற கவலையை நான் மதிக்கறேன்.

ஆனா அந்தக் கவலைக்கு அவங்க செஞ்சதுதான் புரியல. பிரெஞ்சு படிச்சு இங்க பட்டம் வாங்கினவங்களுக்கும் வேலை செஞ்சவங்களுக்கும் நிரந்தரமா தங்க பிஇக்யூன்னு ஒரு வழி இருந்துச்சு, 2025 நவம்பர்ல அதை மூடிட்டாங்க, ஏற்கனவே அதை நம்பி வந்தவங்களுக்குன்னு ஒரு விலக்குகூட வைக்கல. கோத்-தே-நேஜ் பக்கம் ஒரு காபிக்கடைல துனிசியாலேர்ந்து வந்த நர்ஸ் ஒருத்தங்களோட பேசினேன், அவங்க வழக்கமா பேசறது பிரெஞ்சு, எனக்காக இங்கிலீஷ்ல தடுமாறிச் சொன்னாங்க: மொழிதான் பிரச்சனைன்னாங்க, எனக்கு அது தாய்மொழி மாதிரி, அப்பவும் வேணாம்னா பிரச்சனை மொழி இல்லையே. கைல ஆஸ்பத்திரி அடையாள அட்டை தொங்கிட்டிருந்துச்சு, அடுத்த ஷிஃப்டுக்குக் கிளம்பிட்டாங்க.

புதன், ஓஷன் ரயில்

1904லேர்ந்து ஓடற ரயில். சாயங்காலம் ஏறினா மறுநாள் சாயங்காலம் ஹாலிஃபாக்ஸ். காலைல கண் முழிச்சா நியூ பிரன்ஸ்விக், ஒரு பக்கம் தண்ணி, மறுபக்கம் காடு, ஆள் நடமாட்டமே இல்ல. இவ்வளவு இடம் கிடக்கே, என்ன நெருக்கடின்னு தோணும். ஆனா மனுஷன் காட்டுல குடியேற வர்றதில்ல, வேலையும் ஆஸ்பத்திரியும் இருக்கற இடத்துக்குத்தான் வருவான்.

பக்கத்து சீட்டுல ரிடையர் ஆன ஸ்கூல் டீச்சர், மான்க்டன்காரர். முதல்ல வானிலை, மீன், ஹாக்கி. நான் இமிக்ரேஷன்னு சொன்னதும் சுத்திமுத்திப் பார்த்தாரு, அப்புறம் குரலைத் தாழ்த்திக்கிட்டாரு. எங்க ஊர்ப் பசங்க எல்லாம் வேலைக்காக மேற்கே ஆல்பர்ட்டாவுக்குப் போயிட்டாங்க, நான் வேலை பார்த்த ஸ்கூல்ல வகுப்பு வகுப்பா காலியாச்சு, வெளிநாட்டுக் குடும்பங்கள் வந்த பிறகுதான் திரும்ப நிறைஞ்சுது, என் அம்மாவை முதியோர் இல்லத்துல குளிப்பாட்டி விடறது ஒரு ஃபிலிப்பினோ பொண்ணு, அவ இல்லன்னா இல்லத்தையே மூடணும். இவ்வளவும் சொல்லிட்டு, "ஆனாலும் அஞ்சு வருஷத்துல என் ஊர் எனக்கே அடையாளம் தெரியல, என் மகளால வாடகைக்கு வீடு பிடிக்க முடியல, இதை வெளிய சொன்னா இனவெறியன்னு சொல்லுவாங்கன்னு வாய மூடிட்டிருக்கேன்"னாரு.

இவரை மாதிரி ஆளை வாய மூட வச்சதுதான் பெரிய தப்புன்னு எனக்குத் தோணுது. நன்றியும் கவலையும் ஒரே ஆள்கிட்ட இருக்கு. கவலையைச் சொல்ல இடமில்லன்னா அதைக் கேக்கற ஆள் எப்பவும் ஒருத்தன் இருப்பான், அவன் நல்லவனா இருக்கமாட்டான். ஒரு பெண்ணுக்கு சராசரியா 1.3 குழந்தைகூடப் பிறக்காத நாடு இது, ஆள் வராம இவங்களால ஓட்ட முடியாது, அது அவருக்கும் தெரியும். அவர் கேட்டது வேகத்தைப் பத்தி மட்டும்தான்.

கடைசியா என்னையே கேட்டாரு, அப்போ நீங்க எவ்வளவு பேரை விடுவீங்கன்னு. யோசிச்சு சொல்றேன்னேன். மான்க்டன்ல இறங்கிப் போயிட்டாரு.

வெள்ளி, ஹாலிஃபாக்ஸ்

ஸ்டேஷன்லேர்ந்து நடக்கற தூரத்துலதான் பியர் 21. 1928லேர்ந்து 1971 வரைக்கும் கிட்டத்தட்ட பத்து லட்சம் பேர் கப்பல்ல வந்து இறங்கின துறை, இப்போ குடியேற்ற மியூசியம். உள்ள பழைய ரயில் பெட்டி மாதிரி ஒண்ணு செஞ்சு வச்சிருக்காங்க, மர பெஞ்ச், மேற்கே போறவங்க நாள்கணக்கா இதுல உக்காந்து போயிருக்காங்க. கைய வச்சுப் பார்த்தேன், மெத்தைன்னு ஒண்ணும் கிடையாது, பலகைதான்.

வேகம் வேகம்னு பேசறோமே, 1913ல ஒரே வருஷத்துல நாலு லட்சம் பேர் வந்தாங்க, அப்போ மொத்த ஜனத்தொகையே 76 லட்சம்தான், அதாவது இப்போ நடந்ததை விட வேகம். அந்தக் காலத்துல மேற்கே வந்தவனுக்கு 160 ஏக்கர் நிலத்தைத் தூக்கிக் கொடுத்தாங்க. யார் நிலம்? பூர்வகுடி மக்களை ரிசர்வ்னு ஒதுக்கின இடத்துக்குள்ள தள்ளிட்டு எடுத்த நிலம், வேகத்தைப் பத்தி அவங்களை யாரும் கேக்கல. அதே வருஷங்கள்ல சீனாக்காரன் உள்ள வரணும்னா ஆளுக்கு 500 டாலர் தலைவரி. அடுத்த வருஷம், 1914ல, கோமகட்ட மாரு கப்பல்ல வந்த 376 இந்தியர்களை வான்கூவர்ல ரெண்டு மாசம் கடல்லயே நிறுத்தி, ஒரு சிலரைத் தவிர எல்லாரையும் திருப்பி அனுப்பினாங்க. அப்போ வேகமும் எண்ணிக்கையும் பிரச்சனையே இல்ல, யாருங்கிறதுதான் பிரச்சனை. அதனாலதான் இன்னிக்கு ஒருத்தர் "வேகம் அதிகம்"னா வந்தவங்க காதுல "நீ வேணாம்"னு விழுது. ரெண்டையும் பிரிச்சுப் பேசற பொறுப்பு பேசறவங்களுக்குத்தான் இருக்கு.

இங்கயே டேனியல் லிபெஸ்கின்ட் செஞ்ச ஒரு நினைவுச் சின்னம் இருக்கு, செயின்ட் லூயிஸ் கப்பலுக்கு. 1939ல 907 யூதர்களோட வந்த கப்பலை கனடாவும் சேர்க்கல, ஐரோப்பாவுக்குத் திரும்பினவங்கள்ல 254 பேர் கொல்லப்பட்டாங்க. வட்டமான ஸ்டீல் சக்கரம், உள்ள நாலு பல்சக்கரம், சின்னதுல வெறுப்புன்னு எழுதியிருக்கு, அது சுத்தித்தான் மத்ததைச் சுத்த வைக்குது. அதுக்கு முன்னாடி ரொம்ப நேரம் நின்னேன்.

வெளிய வந்தா ஊர் வேற மாதிரி. நோவா ஸ்கோஷியா 2021 டிசம்பர்ல பத்து லட்சம் ஜனத்தொகையைத் தொட்டப்போ கொண்டாடினாங்க. அதுக்குப் பின்னாடியே வாடகை ஏறி பார்க்ல டென்ட் முளைச்சுது, சிட்டியே சில இடங்களை டென்ட் போடலாம்னு ஒதுக்கிக் கொடுத்தது. டென்ட்ல இருந்தவங்கள்ல இந்த ஊர்க்காரங்களும் உண்டு.

இப்போ பிரேக் போட்டுட்டாங்க. 2025க்கு அஞ்சு லட்சம் பேருக்கு பிஆர்னு திட்டம் போட்டதை 2024 அக்டோபர்ல 3,95,000 ஆக்கினாங்க, 2025 நவம்பர்ல வந்த திட்டத்துல வருஷத்துக்கு 3,80,000. புது ஸ்டூடண்ட்ஸ் 2026ல 1,55,000 மட்டும். 2025 ஜூலைலேர்ந்து செப்டம்பர் வரைக்கும் மூணு மாசத்துல ஜனத்தொகை 76,068 குறைஞ்சிருக்கு. வாடகையும் பல ஊர்ல இறங்கியிருக்கு, மறுக்கல. இன்னொரு பக்கம் ஒன்டாரியோ காலேஜ்கள்ல கோர்ஸ் கோர்ஸா மூடி ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை போச்சு, அவங்க பெரும்பாலும் உள்ளூர்க்காரங்க. அதிவேகத்துல போனவன் திடீர் பிரேக் போட்டா உள்ள இருக்கறவனுக்குத்தான் அடி.

டீச்சருக்கு நான் சொல்லாம விட்ட பதிலை இங்க எழுதிடறேன். எண்ணை நான் முதல்ல சொல்லமாட்டேன். போன வருஷம் எத்தனை வீடு முடிஞ்சுது, எத்தனை டாக்டர், எத்தனை நர்ஸ் புதுசா சேர்ந்தாங்க, எந்த ஊர் ஸ்கூல் காலியாக் கிடக்கு, அதை எண்ணிட்டு அதுக்கு மேல எண் வைப்பேன், அஞ்சு வருஷத்துக்கு முன்கூட்டிச் சொல்லுவேன், நடுவுல ஏத்தவும் மாட்டேன் இறக்கவும் மாட்டேன். ஃபீஸ் வாங்கற காலேஜே பெட் கட்டித் தரணும், ஆள் கேக்கற கம்பெனியே உள்ளூர் சம்பளம் கொடுத்துட்டு கேக்கணும். அகதியை இந்தக் கணக்குக்குள்ளயே கொண்டு வரமாட்டேன், உயிருக்கு ஓடி வர்றவனுக்கு வெய்ட்டிங் லிஸ்ட் கிடையாது. முதல் வேலையா, ஏற்கனவே கூப்பிட்டு, ஃபீஸ் வாங்கி, வரி வாங்கி, நைட் ஷிஃப்ட் வாங்கி வச்சிருக்கற பசங்களுக்கு, சொன்ன ரூல்படியே தங்கறதுக்கான வழியைத் திறந்து விடுவேன், புது ரூல் புதுசா வர்றவங்களுக்கு மட்டும். அவங்க வந்தது சுவர் ஏறிக் குதிச்சு இல்ல, இந்த நாட்டு ஆபீசர் விசா ஒட்டிக் கொடுத்துத்தான் வந்தாங்க.